பயாஸ் அப்டேட் போட்டால் பழைய போர்டின் ஸ்லாட் வேகம் கூடுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வைகாசியில் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி, கேபினெட்டைத் துண்டில் சுற்றி மொபெட்டில் வைத்துக்கொண்டு தருமபுரியில் என் கடைக்கு வந்தார். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை.

"அண்ணா, பயாஸ் அப்டேட் போட்டேன். முக்கால்வாசி ஓடும்போது கரண்ட் போயிடுச்சு."

பயாஸ் என்பது போர்டைத் தொடக்கி வைக்கும், அதன் சிப்பிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்டேன். புதிதாக வாங்கிய ஜென் 4 என்விஎம்இ எஸ்எஸ்டியின் பெட்டியில் நொடிக்கு 7000 எம்பி என்று போட்டிருக்கிறது. (ஜென் என்பது ஸ்லாட்டுகள் பேசும் பிசிஐஇ முறையின் தலைமுறை எண், என்விஎம்இ அந்த முறையில் ஓடும் எஸ்எஸ்டி.) அதை ஒரு அடாப்டர் கார்டில் மாட்டி, அவருடைய பழைய இன்டெல் பி85 போர்டின் இரண்டாவது ஸ்லாட்டில் செருகினால் 1600-ஐத் தாண்டவில்லை. பயாஸ் பழசு, அதனால்தான் ஸ்லாட் மெதுவாக ஓடுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முகூர்த்தத்தின் ஃபுட்டேஜ் அந்த மெஷினில் கிடந்தது. முகத்தில் தூக்கமே இல்லை.

இதே கேள்வியோடு மாதத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். போர்டு தயாரிக்கப்பட்டபோதே உள்ளே போட்டுவைக்காத வேகத்தை எந்த பயாஸாலும் கொண்டுவர முடியாது. போட்டுவைத்து, பூட்டியும் வைத்திருந்தால் மட்டும் திறக்க முடியும். அப்படிப் பூட்டப்பட்ட போர்டுகள் மிகச் சில.

வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

ஒரு கார்டைச் செருகி கரண்ட் கொடுத்ததும், கார்டும் எதிர்முனையில் இருக்கும் சிப்பும் முதலில் ஜென் 1 வேகத்தில் பேசிக்கொள்கின்றன. எனக்கு எதுவரை தெரியும், உனக்கு எதுவரை தெரியும் என்று ஒன்றுக்கொன்று சொல்லிவிட்டு, இரண்டுக்கும் பொதுவான மேல் வேகத்துக்கு ஏறுகின்றன. ஏறிய இடத்தில் பிழைகள் அதிகம் வந்தால் இறங்கிவிடுகின்றன. எதிர்முனைச் சிப் என்பது ப்ராசசராக இருக்கலாம், டிஸ்க், யூஎஸ்பி போன்றவற்றைக் கவனிக்கும் துணைச் சிப்பான சிப்செட்டாக இருக்கலாம். ஜென் 4 வேகத்தில் அனுப்பி வாங்கும் சர்க்யூட் அந்தச் சிப்புக்குள் செதுக்கப்பட்டிருக்க வேண்டும். இடையில் ஓடும் செப்புத் தடங்களும் அந்த வேகத்தைத் தாங்க வேண்டும்.

ஒரு லேனில், அதாவது ஸ்லாட்டுக்குப் போகும் ஒரு தனிப் பாதையில், ஜென் 2 நொடிக்கு 500 எம்பி கொண்டுபோகும். ஜென் 3 ஏறத்தாழ 985 எம்பி, ஜென் 4 ஏறத்தாழ 1970 எம்பி. அதாவது ஜென் 3-இல் நொடிக்கு 800 கோடி துடிப்புகள், ஜென் 4-இல் 1600 கோடி. துடிப்பு வேகம் இரட்டிப்பாகும்போது அதே செப்புத் தடத்தில் சிக்னல் இன்னும் அதிகமாகத் தேய்கிறது. அதனால்தான் புதிய போர்டுகளில் நல்ல தரமான பலகை, குறுகிய தடம், இடையில் சிக்னலைத் தூக்கிவிடும் சின்னச் சிப்புகள் எல்லாம் தேவைப்பட்டன. தொப்பூர் கணவாயில் வேக வரம்புப் பலகையை அழித்து 100 என்று எழுதிவிடலாம். வளைவும் இறக்கமும் அப்படியேதான் இருக்கும்.

அந்தத் தம்பியின் போர்டையே எடுத்துக்கொள்வோம். பி85-இல் கிராபிக்ஸ் கார்டு இருக்கும் முதல் ஸ்லாட் நேராக ப்ராசசருக்குப் போகிறது, அது ஜென் 3. இரண்டாவது நீள ஸ்லாட் சிப்செட்டுக்குப் போகிறது, அது ஜென் 2, நான்கு லேன். நான்கு ஐந்நூறு இரண்டாயிரம். அதில் நடைமுறைக் கழிவு போக 1600 வருகிறது. போதாததற்கு, சிப்செட்டையும் ப்ராசசரையும் இணைக்கும் பாதையும் அதே இரண்டாயிரம்தான். ஹார்டு டிஸ்க், யூஎஸ்பி, நெட்வொர்க் எல்லாம் அதே பாதையில்தான் போயாக வேண்டும். ஸ்லாட் முழு வேகத்தில், எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சரிசெய்ய அங்கே ஒன்றுமே இல்லை.

"அந்த போர்டுக்கு வந்ததே!" என்று நம்புவது

இந்த நம்பிக்கை ஆகாயத்திலிருந்து வரவில்லை, அதற்கு உண்மையான வரலாறு உண்டு. 2019 ஜூலையில் ஏஎம்டியின் ரைசன் 3000 ப்ராசசர்கள் ஜென் 4-உடன் வந்தன. அதற்கென்று எக்ஸ்570 போர்டு வந்தது. அதே சமயம் முந்தைய பி450, எக்ஸ்470 போர்டுகள் சிலவற்றுக்கு வந்த பயாஸில் ஜென் 4 தேர்வு தெரிந்தது. ப்ராசசரிலிருந்து முதல் ஸ்லாட்டுக்குத் தடம் குறுகியது என்பதால் சிலருக்கு ஓடவும் செய்தது. ஆனால் ஏஎம்டி அதை அனுமதிக்கவில்லை. பழைய போர்டுகளில் சிக்னல் தரம் போர்டுக்குப் போர்டு மாறும், ஒன்றில் ஓடும், இன்னொன்றில் ஓடாது, அந்தக் குழப்பம் வேண்டாம் என்று முடிவெடுத்து, பின்னால் வந்த பயாஸ்களில் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. அந்த ஒரு தேர்வுக்காகப் பழைய பயாஸிலேயே நிற்பவர்கள் ரைசன் 5000 ஆதரவை இழக்கிறார்கள். எனக்கு இது நல்ல பேரமாகத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்டெலின் இசட்490. 2020-இல் வந்தபோது அதில் பத்தாம் தலைமுறை ப்ராசசர், எல்லாம் ஜென் 3. ஆனால் சில நிறுவனங்கள் அடுத்த ப்ராசசரை எதிர்பார்த்து, ஜென் 4-ஐத் தாங்கும் உதிரிகளை முன்கூட்டியே போர்டில் வைத்துவிட்டன. 2021 மார்ச்சில் பதினோராம் தலைமுறை வந்ததும் பயாஸ் போட்டு, ப்ராசசரையும் மாற்றியவர்களுக்கு அந்த ஸ்லாட் ஜென் 4 ஆனது. இங்கே வேகம் வந்தது புதிய ப்ராசசரிலிருந்து. பயாஸ் அந்த ப்ராசசரை அடையாளம் கண்டுகொண்டது, அவ்வளவுதான்.

நம் பக்கம் இன்றைக்கும் நிறைய ஓடும் எச்61 போர்டுகளிலும் இதே கதைதான். அவற்றில் பலவற்றில் இரண்டாம் தலைமுறை ப்ராசசரை எடுத்துவிட்டு, பயாஸ் போட்டு, ஐ5-3470 மாட்டினால் கிராபிக்ஸ் ஸ்லாட் ஜென் 2-இலிருந்து ஜென் 3-க்கு ஏறும். அதே போர்டில் ஐ3-3220 மாட்டினால் ஏறாது. அதுவும் மூன்றாம் தலைமுறைதான், ஆனால் இன்டெல் அதற்கு ஜென் 2 மட்டுமே கொடுத்திருக்கிறது. எச்81-க்கு வந்தால், ஐ7 போட்டாலும் ஸ்லாட் ஜென் 2 தான்.

புதிய போர்டிலும் இந்தக் குழி உண்டு. பி550 வாங்கி, உள்ளே கிராபிக்ஸ் இருக்கிறதே என்று ரைசன் 5600ஜி மாட்டுகிறார்கள். போர்டுக்கு ஜென் 4 தெரியும், ப்ராசசருக்கு ஜென் 3 தான் தெரியும். பிறகு பயாஸ் மேல் பயாஸாகப் போட்டுப் பார்க்கிறார்கள். போர்டு பெட்டியில் இருப்பதை மட்டும் படிக்காதீர்கள், ப்ராசசரின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

நீளத்தைப் பார்த்து ஏமாறுவது

நீளமான ஸ்லாட் என்றால் 16 லேன் என்று நினைக்கிறோம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிளாஸ்டிக் முழு நீளத்துக்கும் இருக்கும், தங்க நிறக் காண்டாக்டுகள் பாதியிலோ அதற்கும் முன்போ நின்றுவிடும். முழு 16 லேன் ஸ்லாட்டில் ஒரு பக்கத்துக்கு 82 காண்டாக்ட், நான்கு லேன் என்றால் 32 மட்டும். கண்ணாலேயே தெரிந்துவிடும். இல்லாத காண்டாக்டை எந்த ஃபைலும் முளைக்க வைக்காது. சின்ன ஒற்றை லேன் ஸ்லாட்டில் அடாப்டர் வைத்து என்விஎம்இ மாட்டுகிறவர்களும் உண்டு. அது ஜென் 2 என்றால் 500 எம்பிக்குக் கீழேதான் வரும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே அதைவிட வேகமாக ஓடும்.

கார்டின் பக்கமும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பார்ப்பதற்கு முழு நீளக் கார்டு, உள்ளே நான்கு லேன்தான். ஜென் 4 போர்டில் நொடிக்கு 8 ஜிபி கிடைக்கும் அதற்கு, ஜென் 3-இல் 4 ஜிபி, எச்81-இல் 2 ஜிபி. அதன் மெமரியும் 4 ஜிபிதான் என்பதால் கேம்களில் தடுக்கித் தடுக்கி ஓடும். பழைய போர்டு வைத்திருப்பவர்கள் 16 லேன் முழுதாக உள்ள பழைய கார்டை வாங்குவதே மேல் என்று நான் எப்போதும் சொல்வேன்.

சும்மா இருக்கும்போது அளப்பது

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் பதறிப்போய் போன் செய்தான். ஜிபியு-இசட் மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டு 1.1 (அதாவது ஜென் 1) வேகத்தில் ஓடுவதாகக் காட்டுகிறதாம். வேலை இல்லாத நேரத்தில் கரண்டை மிச்சப்படுத்தத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அது பழுது இல்லை. பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும், அதை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிடச் சொன்னேன். அவன் கண் முன்னாலேயே 3.0-க்கு ஏறியது. எஸ்எஸ்டிக்கு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் போதும். டிரான்ஸ்ஃபர் மோடு வரியில் இரண்டு எண்கள் வரும். இடதுபுறம் இப்போது ஓடும் வேகம், வலதுபுறம் எஸ்எஸ்டியால் முடிந்த வேகம். இடதுபுறம் குறைவாக இருந்தால் அந்த ஸ்லாட் எங்கே போகிறது என்று போர்டின் மேனுவலில் தேடுங்கள். மேனுவலின் முதல் சில பக்கங்களிலேயே ஸ்லாட் வாரியாகப் போட்டிருப்பார்கள்.

பயாஸ் மெனுவில் ஜென் 4 என்று கட்டாயப்படுத்தி வைப்பதும், ஸ்லாட்டை நீட்டிக்கும் ரைசர் கேபிளில் கார்டைத் தொங்கவிட்டுவிட்டு அப்படிச் செய்வதும் வேண்டாத வேலை. திரை இருண்டால் பலர் பயந்துவிடுகிறார்கள். திரை வந்தபிறகு சத்தமில்லாமல் பிழைகள் சேர்வதுதான் அதைவிட மோசம். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் 'வியா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் 17-ஆம் எண் எச்சரிக்கை வரிசையாக வந்தால் ஒரு படி இறக்கி வையுங்கள்.

அப்படியானால் பயாஸ் போடவே கூடாதா?

போடலாம், காரணம் இருந்தால். புதிய ப்ராசசரை மாட்ட வேண்டும் என்றால் போட்டே ஆக வேண்டும். சில பழைய போர்டுகளில் என்விஎம்இ-யிலிருந்து விண்டோஸ் பூட் ஆவது பயாஸ் மூலம்தான் வந்தது. ப்ராசசர் கிராபிக்ஸ் மெமரி முழுவதையும் ஒரே சமயத்தில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி பி450 வரைக்கும் அப்படித்தான் கிடைத்தது. இவை எல்லாம் உண்மையான பலன்கள். ஸ்லாட்டின் ஜென் எண் இந்தப் பட்டியலில் கிட்டத்தட்ட எப்போதும் இருக்காது. பயாஸ் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் என்ன மாற்றம் என்று எழுதியிருப்பார்கள். ஸ்லாட் வேகம் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லையென்றால் அது வரப்போவதில்லை.

போடுவதாக முடிவெடுத்தால் யூபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். கோடை மழையும் காற்றும் அடிக்கும் மாதங்களில் நம் மாவட்டத்தில் கரண்டை நம்பி ஐந்து நிமிடம் கூட உட்கார முடியாது. போர்டின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்து ரிவிஷன் மாறினால் ஃபைலும் மாறும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் முதலில் நிறுத்திவைத்து, ரிகவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய செட்டிங்குகளை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்டேட்டுக்குப் பிறகு சாட்டா மோடு மாறிப்போய் விண்டோஸ் பூட் ஆகாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. முகம் தெரியாத ஒருவர் மாற்றியமைத்துக் கொடுத்த பயாஸை மட்டும், அதில் எத்தனை ஜென் எழுதியிருந்தாலும், போடாதீர்கள்.

தம்பியின் போர்டில் பயாஸ் சிப் எட்டுக் கால் உள்ள கறுப்புச் சதுரம். கிளிப்பைக் கவ்வவைத்து, சிஎச்341ஏ ப்ரோக்ராமர் என்ற, சிப்பைப் படித்து எழுதும் கருவியில் இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சேமித்த பிறகே எழுதினேன். அந்தப் போர்டின் நெட்வொர்க் முகவரி அதில்தான் இருக்கிறது, பார்க்காமல் எழுதினால் அதுவும் அழிந்துபோகும். இந்தச் சிப் 3.3 வோல்ட். சில புதிய போர்டுகளில் 1.8 வோல்ட் சிப் வருகிறது, அதற்குத் தனி அடாப்டர் இல்லாமல் கிளிப்பை வைத்தால் சிப் போய்விடும். மாலை ஆறு மணிக்குத் திரை வந்தது.

எஸ்எஸ்டியை அதே இரண்டாவது ஸ்லாட்டில்தான் மாட்டிக் கொடுத்தேன். 1600 என்பது அவருடைய பழைய சாட்டா எஸ்எஸ்டியைப் போல மூன்று மடங்கு. ஃபுட்டேஜைத் திறந்து டைம்லைனில் இழுத்துப் பார்த்தார், எங்கும் நிற்கவில்லை. "இது போதும்ணா" என்றார். மறுநாள் கிருஷ்ணகிரியில் ஒரு யூபிஎஸ் வாங்கியதாக போன் செய்தார்.