கட்டக்கோரைச் சக்கையை வைத்துத் தண்ணீரில் கரைந்த செம்பை எடுப்பது

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் கிடைக்கும் கட்டக்கோரை என்ற பழுப்புக் கடற்பாசியில் ஆல்ஜினேட் என்ற கொழகொழப்புப் பொருளை எடுத்தபின் ஆலையில் மிஞ்சும் பழுப்புச் சக்கையை, எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு வருஷத்துக்கு ஒரு சாக்கு வாங்கி வருவேன். எல்லா ஆல்ஜினேட்டும் போய்விடுவதில்லை. மிச்சமிருப்பதில் உள்ள கார்பாக்சில் தொகுதிகள் (உலோக அயனிகள் ஒட்டும் அமில இடங்கள்)தான் செம்பு, ஈயம் போன்றவற்றைப் பிடிக்கின்றன.

முதல் வருஷம் சக்கையைச் சரியாகக் கழுவாமல் செம்புக் கரைசலில் போட்டுவிட்டோம். வடிகட்டிய நீரில் செம்பே இல்லை, பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். வடிதாளை விரித்துப் பார்த்தால் பச்சை கலந்த நீலப் படலம். ஆல்ஜினேட்டைக் கரைக்க ஆலையில் சேர்த்த சோடா (காரம்) சக்கையில் தங்கி, செம்பைப் படிய வைத்திருக்கிறது. சக்கை பிடித்தது எவ்வளவு என்று சொல்லவே முடியவில்லை.

அதனால் கழுவுவதில் அவசரப்படாதீர்கள். அமில-காரத் தன்மையை நிறத்தில் காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். கழுவிய நீரும் குழாய் நீரும் ஒரே நிறம் காட்டும்வரை நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் லிட்டருக்கு 15 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்த நீரில் ஓர் இரவு ஊறட்டும். இதை விட்டுவிட்டால் சக்கை கொழகொழத்து வடிதாளை அடைத்துக்கொள்ளும். அலசி, 60 டிகிரியில் உலர்த்தி, இடித்துச் சலியுங்கள். மாவாக விழுவது வேண்டாம், ரவை பதம் போதும்.

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 0.2 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்தால் சுமார் 50 மில்லிகிராம் செம்பு இருக்கும். அதில் கால் லிட்டருக்கு அரை கிராம் சக்கை போட்டு இரண்டு மணி நேரம் குலுக்குங்கள். பிஎச் 4.5 முதல் 5 வரை நிற்க வேண்டும். 3-க்குக் கீழே போனால் செம்பு ஒட்ட வேண்டிய இடங்களை அமிலமே பிடித்துக்கொள்ளும். 6-ஐத் தாண்டினால் செம்பு தானே படிந்துவிடும், எங்கள் பழைய கதைதான்.

வடிகட்டி, அம்மோனியா சில சொட்டு விடுங்கள். சக்கை போடாத கரைசல் நீலமாகும், போட்டது வெளிறியிருக்கும். வெறும் நீரில் சக்கை போட்ட குடுவை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள், பாசியின் பழுப்பு கண்ணை ஏமாற்றும். இதை நம்பி எந்த நீரையும் குடிக்கக் கூடாது; நிறத்தில் தெரியாத அளவு ஈயமும் கெடுதல்தான்.

பயன்படுத்திய சக்கையை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் செம்பு இறங்கிவிடும். அலசி, கால்சியத்தில் மறுபடி ஊறவைத்து அடுத்த முறைக்கு எடுக்கலாம். செம்பு இறங்கிய அமிலத்தைத் தனிக் கேனில் சேருங்கள். ஓய்ந்த சக்கையைச் செடிக்கு உரமாகப் போட வேண்டாம்.