புறாத்தீவு: தண்ணீரில் இறங்குமுன் மாஸ்க்கைப் பாருங்கள்

திருகோணமலை நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் 1 கி.மீ. தூரத்தில்தான் புறாத்தீவு தேசியப் பூங்கா; மாஸ்க் (கண்ணையும் மூக்கையும் மூடும் நீச்சல் கண்ணாடி) மாட்டி, நீந்தியபடியே பவளப்பாறைகளைப் பார்க்கும் இடம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. தனிப் படகு பேசினால் காலை 7 மணிக்கே கிளம்புங்கள்; கூட்டமும் காற்றும் பிறகுதான் வரும். பூங்கா நுழைவுச்சீட்டு படகுக் கூலியில் அடக்கமா, வழிகாட்டி உங்களோடு தண்ணீரில் இறங்குவாரா என்பதை முதலிலேயே கேளுங்கள். படகிலேயே உட்கார்ந்திருப்பவர் வழிகாட்டி அல்ல.

பலருக்கு நாள் கெடுவது மாஸ்க்கால்தான். பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சிழுங்கள். கையை எடுத்தும் ஒட்டி நின்றால் சரியான அளவு. தண்ணீர் கசிந்தால் பட்டியை இறுக்காதீர்கள். ரப்பர் விளிம்பு வளைந்து இன்னும் கசியும். பெரும்பாலும் விளிம்புக்கடியில் ஒரு முடிக்கற்றை சிக்கியிருக்கும். கண்ணாடி பனிக்காமலிருக்க உள்பக்கம் ஒரு துளி பேபி ஷாம்பு தடவி, ஒருமுறை மட்டும் அலசுங்கள்.

கரையெங்கும் கூரான பவளத் துண்டுகள், ரப்பர் செருப்பு வேண்டும். களைத்தால் மல்லாந்து மிதந்திருங்கள், பவளத்தில் மட்டும் கால் ஊன்றாதீர்கள்: மிதித்த இடம் செத்துப்போகும். கருமுனைச் சுறாக்கள் நம்மைக் கண்டால் தாமே விலகிப்போகும், துரத்தாதீர்கள்.