பழைய வேட்டை ரைபிளில் குறைந்த விசைத் தோட்டாக்களைச் சோதிக்கும் முறை

அமெரிக்காவில் மான் வேட்டைக்குத் தலைமுறைகளாகப் பயன்பட்டு வரும் வின்செஸ்டர் 1894 ரைபிளையும் அதன் .30-30 தோட்டாவையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஆலைத் தோட்டா 170 கிரெய்ன் (ஏறத்தாழ 11 கிராம்) எடையுள்ள குண்டை நொடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் செலுத்தும். கையால் வார்த்த ஈயக்குண்டுக்கு 1,200 முதல் 1,600 அடி வேகமே போதும். தோளில் உதையும் குறையும், பழைய எஃகுக்கும் சிரமம் இராது.

முதலில், துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் ரைபிளைக் காட்டி, சுடத் தகுந்தது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து, எண்ணெய் தடவிய மென்மையான ஈயத்துண்டு ஒன்றைக் குழலுக்குள் தட்டிச் செலுத்தி வெளியே எடுத்து, அதன் மிகப் பெரிய விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். ஏட்டளவு 0.308 அங்குலம் என்றாலும், தேய்ந்த குழல்கள் ஏட்டைப் படித்ததில்லை. கிடைத்த அளவைவிடக் குண்டு ஓரிரு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பருமனாக இருக்கட்டும். இந்த ரைபிளின் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருப்பதால், குண்டின் முனை தட்டையாக இருப்பது கட்டாயம். கூர்முனை முன்னுள்ள தோட்டாவின் பிரைமரை, அதாவது அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடியை, குத்திவிடும்.

வெடிமருந்தின் வகையையும் அளவையும், தோட்டா நிரப்புவோருக்கான அச்சிட்ட கையேட்டில் உள்ளபடியே, அதன் தொடக்க அளவிலிருந்து எடுங்கள். மெதுவாக எரியும் மருந்தைக் கையேட்டின் கீழ்வரம்புக்குக் கீழே குறைப்பது ஆபத்து. வேகமாக எரியும் மருந்திலோ வேறொரு பொறி இருக்கிறது: தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடியில் சிறிதளவே கிடப்பதால், இருமுறை கொட்டினாலும் நிரம்பி வழியாது, ரைபிள் மட்டும் சிதறும். எனவே குண்டைப் பொருத்தும் முன் எல்லாக் கூடுகளையும் பலகையில் வரிசையாக நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றினுள்ளும் மருந்தின் மட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சுடுகளத்தில் கண்ணாடியும் காதுக்காப்பும் அணிந்து, மேகசினை நிரப்பாமல் ஒவ்வொரு தோட்டாவாகவே இடுங்கள். இந்தக் கட்டத்தில் குறி துல்லியமா என்பது இரண்டாம் கேள்வி. ஒவ்வொரு வெடிக்கும் 25 கெஜத்திலுள்ள தாளில் ஓர் ஓட்டை விழுந்ததா என்பதே முதல் கேள்வி. ஒலி மந்தமாக இருந்தாலோ ஓட்டை காணாவிட்டாலோ, குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அரை நிமிடம் காத்திருந்து, தோட்டாவை வெளியேற்றி, குழல் திறந்திருக்கிறதா என்று துடைப்புக் கோலைச் செலுத்திப் பாருங்கள். உள்ளே குண்டு சிக்கியிருக்கும்போது சுடப்படும் அடுத்த தோட்டா குழலையே பிளந்துவிடும்.

சுட்ட கூட்டின் பின்புறத்தில் பிரைமர் சற்றுத் துருத்தி நிற்பதைக் கண்டு புதியவர்கள் அழுத்தம் மிகுந்துவிட்டதென்று பதறுவதுண்டு. குறைந்த விசைத் தோட்டாவில் காரணம் பெரும்பாலும் நேர்மாறானது: பின்னுக்குத் தள்ளப்பட்ட பிரைமரை மீண்டும் உள்ளே அமர்த்தும் அளவுக்குக் கூடு பின்வாங்கவில்லை, அதாவது அழுத்தம் போதவில்லை.

குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் எண்கள் பெரிதும் ஏறியிறங்கினால், கூட்டினுள் மருந்து முன்னும் பின்னும் சரிவது காரணமாகலாம். சுடும்முன் ஒவ்வொரு முறையும் குழலைக் களத்தின் விதிக்குட்பட்டுச் சற்று உயர்த்தி இறக்கி, ஒரே நிலையிலிருந்து சுட்டு ஒப்பிடுங்கள்.

பத்துத் தோட்டாக்களுக்குப் பின் ரைபிளை வெறுமையாக்கிக் குழலினுள் ஒளி பாய்ச்சிப் பாருங்கள். வாய்ப்பகுதியருகே ஈயம் சாம்பல் கோடுகளாகப் படிந்திருந்தால் குண்டின் மசகு பாதிவழியில் தீர்ந்திருக்கக்கூடும்; தோட்டா அமரும் அறையருகே படிந்திருந்தால் குண்டு குழலுக்குச் சிறியதா என்று மைக்ரோமீட்டரை மறுபடி கையில் எடுங்கள், மருந்தைக் கூட்டாதீர்கள்.