லித்தியம் மெட்டலுக்குக் கார்பன் வீடு கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியை வரவழைத்த ஊர் காரைக்குடி. இங்கே பேட்டரியைப் பற்றிப் பேச ஆள் தேடவேண்டியதில்லை. லித்தியம் மெட்டல் ஆனோடு (பேட்டரியின் எதிர்மின்முனையில் கிராஃபைட்டுக்குப் பதில் லித்தியம் உலோகம்) பக்கம் வருகிற புதுப் பிள்ளைகள் பலரும் முதலில் கையில் எடுப்பது கார்பன் ஹோஸ்ட்தான், அதாவது லித்தியம் குடியிருக்கக் கட்டும் கார்பன் வீடு. ஆசை நியாயமானது: கிராஃபைட் கிராமுக்கு 372 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-மணி, மின்சாரம் கொள்ளும் அளவு) தாங்கும், லித்தியம் மெட்டல் 3860. ஆனால் வெறும் காப்பர் ஃபாயிலில் படியவிட்டால் ஊசி ஊசியாக டென்ட்ரைட் வளரும், லித்தியமும் எலக்ட்ரோலைட் திரவமும் வினைபுரிந்து மேலே உண்டாகும் எஸ்இஐ படலம் உடைந்து உடைந்து புதிதாக உண்டாகும், அந்தப் படலமே லித்தியத்தையும் எலக்ட்ரோலைட்டையும் தின்று தீர்க்கும். துளைகள் உள்ள கார்பனுக்குள் படியவைத்தால் மின்னோட்டம் பரவும், லித்தியம் ஊதிச் சுருங்கவும் இடம் கிடைக்கும். சரிதான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் சொதப்பிய அதே இடங்களில் இவர்களும் சொதப்புகிறார்கள். செல் கட்டும் காற்றுப் புகாத பெட்டியான குளோவ் பாக்ஸில் நைட்ரஜன் கூடாது, ஆர்கான் வேண்டும் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

கார்பன் உள்வாங்கியதை மெட்டல் கணக்கில் எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். வெளியூரில் ஆராய்ச்சி செய்யும் நம்ம பக்கத்துப் பையன் ஒருவன் தீபாவளி லீவில் வந்தபோது, "அண்ணே, கார்பன் துணியில டென்ட்ரைட்டே இல்லண்ணே, செல்லு மாசக்கணக்கா ஓடுது" என்று போனில் கிராஃபைக் காட்டினான். நான் வோல்டேஜ் கோட்டை மட்டும் பார்த்தேன். சரிந்துகொண்டே வந்து 0.05 வோல்ட் பக்கம் நின்றிருந்தது, ஒரு சுற்றில்கூடப் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவில்லை. பூஜ்யத்தைத் தாண்டி இறங்காமல் லித்தியம் உலோகமாகப் படியாது.

"துணி எடை என்னப்பா?"

"சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிகிராம் வரும்ண்ணே."

"லித்தியம் எவ்வளவு ஏத்துன?"

"1 எம்ஏஹெச்."

அவ்வளவுதான், முடிந்தது கதை. 10 மில்லிகிராம் கார்பன் நல்ல கிராஃபைட்டாக இருந்தால் 3.7 எம்ஏஹெச் லித்தியத்தைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். துணி அவ்வளவு ஒழுங்கான கிராஃபைட் இல்லை, பாதிதான் வாங்கும் என்று வைத்துக்கொண்டாலும் அவன் ஏற்றிய 1 எம்ஏஹெச் தடம் தெரியாமல் உள்ளே போய்விடும். டென்ட்ரைட் இல்லை என்றது உண்மை, ஏனென்றால் மெட்டலே இல்லை. 1991-ல் சோனி விற்ற முதல் லித்தியம் அயான் பேட்டரியிலேயே கார்பன் பார்த்த வேலைதான் இது. பிரித்த செல்லின் படமும் வைத்திருந்தான்: இழை இழையாகக் கன்னங்கரேலென்று துணி, சாம்பல் பூச்சு ஒரு பொட்டுகூட இல்லை. அதற்குக் கீழே 'சீரான படிவு' என்று எழுதியிருந்தான்!

எடைக் கணக்கு இன்னும் மோசம். 1 எம்ஏஹெச் லித்தியத்தின் எடை 0.26 மில்லிகிராம்தான், அதைத் தாங்க 10 மில்லிகிராம் துணி. இரண்டையும் சேர்த்து வகுத்தால் கிராமுக்கு 98 எம்ஏஹெச்கூட முழுசாக வராது. 3860 என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு, போதாதென்று நாம் விட்டுவிட்டு வந்த கிராஃபைட்டைவிடக் கீழே போய் நிற்கிறோம். இதற்கு ஒரு பிஹெச்டியின் பாதிக் காலம் போய்விடுகிறது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. முதலில் 0.01 முதல் 1 வோல்ட் வரை சில சுற்று ஓட்டுங்கள், கார்பன் தானாக எவ்வளவு வாங்குகிறது என்று தெரியும், எஸ்இஐயும் நிலைபெறும். பிறகு அந்த அளவைத் தாண்டி ஏற்றுங்கள். திரும்ப எடுக்கும்போது பூஜ்யத்துக்குச் சற்று மேலே தட்டையாகப் போகிற பகுதி மெட்டல், அதற்கப்புறம் 1 வோல்ட் வரை ஏறுகிற சரிவு கார்பனுடையது. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். எழுதக் கை வராது, தெரியும்.

உள்ளே இடம் இருந்தும் மேலேயே படியவிடுவது

முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் அடுத்த தெருவைத் தொடுகிற மாதிரி கட்டிய நம்ம ஊர் வீட்டில், வந்தவர் எல்லாரும் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டால் எப்படியோ அப்படி. கார்பன் எலக்ட்ரானை நன்றாகக் கடத்துவதால் எலக்ட்ரான் மேல்பரப்பிலேயே தயாராக நிற்கிறது, இரண்டு முனைகளுக்கும் நடுவே இருக்கும் செப்பரேட்டரைத் தாண்டி வரும் லித்தியம் அயானும் அங்கேயே அதைச் சந்தித்துப் படிந்துவிடுகிறது. போதாக்குறைக்குக் கார்பனுக்கும் லித்தியத்துக்கும் இயல்பிலேயே அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. உள்ளே இழுக்க ஏதாவது வேண்டும்: வெள்ளி, துத்தநாக ஆக்சைடு, கார்பனுக்குள் கொஞ்சம் நைட்ரஜனைக் கலக்கும் நைட்ரஜன் டோப்பிங். 2016-ல் ஸ்டான்ஃபோர்டில் யி சுய் குழு, தங்கத் துகளை உள்ளே வைத்த கார்பன் கோளங்களுக்குள் லித்தியத்தைப் படியவைத்துக் காட்டியது. துகளை அடிப்பக்கம் அதிகமாக வையுங்கள், அப்புறம் குறுக்குவெட்டுப் படம் எடுங்கள். மேலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு உள்ளே நிரம்பியது என்று சொல்லக்கூடாது.

பரப்பளவைப் பெருக்கிப் பெருமைப்படுவது

பரப்பு கூடக்கூட எஸ்இஐக்குப் போகிற லித்தியமும் கூடும்.

99 சதவீதம் வந்ததும் குதிப்பது

ஏற்றிய லித்தியத்தில் ஒவ்வொரு சுற்றிலும் 99 சதவீதம் திரும்பி வந்தாலும், கூடுதல் லித்தியம் இல்லாவிட்டால் 100 சுற்றில் மிச்சம் 37 சதவீதம்.

எதிர்ப்பக்கம் தடிமனான லித்தியம் தகடு

கால் மில்லிமீட்டர் தகட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 50 எம்ஏஹெச்சுக்கு மேல் இருக்கிறது. ஹோஸ்ட் பக்கம் எவ்வளவு வீணானாலும் அதிலிருந்து லித்தியம் வந்து செல் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

வெறும் காப்பரை ஒப்பிட்டுப் பார்க்காமல் விடுவது

ஈதர் எலக்ட்ரோலைட்டும் லித்தியம் நைட்ரேட்டும் சேர்ந்தாலே காப்பரில்கூட நல்ல எண் வரும். அதைக் கழிக்காமல் எல்லாம் ஹோஸ்ட் செய்த வேலை என்கிறார்கள்.

மழைக்காலத்தில் கார்பனைக் காயவைக்காமல் உள்ளே கொண்டுபோவது

ஐப்பசி, கார்த்திகையில் துளைக் கார்பன் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ராத்திரி முழுக்க வேக்குவம் அவனில் சூடாக்கி, வெளிக்காற்று படாமல் குளோவ் பாக்ஸுக்குள் எடுத்துப் போங்கள்.