தில்லிக் குளிரை வீட்டுக்கு வெளியே நிறுத்துவது எப்படி?

தில்லிக்கு வந்த முதல் மார்கழியில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ராத்திரி அரைத்து மூடிவைத்த தோசை மாவு, காலையில் துளிகூட ஏறாமல் கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. "வீடே ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கு, மாவு எங்கேடா பொங்கும்?" என்றார். உடனே இன்னொரு ஹீட்டர் வாங்கினேன். மின்கட்டணம் ஏறியது, மாவு ஏறவில்லை. உண்டாக்கிய சூடு எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமல் ஹீட்டர் வாங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. அது புரிய எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது. நீங்கள் இந்தச் சனி, ஞாயிறிலேயே முடித்துவிடலாம்.

தில்லி வீடுகள் மே, ஜூன் வெயிலை நினைத்துக் கட்டியவை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், மொசைக் அல்லது மார்பிள் தரை, கூரையை ஒட்டி ரோஷன்தான் என்கிற சிறு ஜன்னல், ஜன்னலில் செருகிய கூலர். ஆனால் இதே ஊரில்தான் 2021 ஜனவரி 1 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. 1935 ஜனவரியில் மைனஸ் 0.6 வரைகூடப் போயிருக்கிறது. 'காத்து வரட்டும், ஜன்னலைத் திறந்து வை' என்று வளர்ந்த நமக்கு வீட்டை மூடிவைக்கும் பழக்கமே கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறையை அடைத்துவிட்டு உள்ளே அங்கீட்டி என்கிற கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர் எதையும் பற்றவைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ இல்லை, தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். கேஸ் அடுப்பு எரிகிற சமையலறையிலும், கேஸ் கீசர் உள்ள குளியலறையிலும் காற்றுப்பாதையை அடைக்காதீர்கள். கீழே சொல்வதெல்லாம் படுக்கையறைக்கும் கூடத்துக்கும், மின்சார ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கும்தான்.

முதல் படி: ஊதுவத்தியோடு ஒரு சுற்று

வெளியே காற்று வீசுகிற ஓர் இரவில் மின்விசிறி, ஹீட்டர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஓர் ஊதுவத்தியை ஏற்றி, திரைச்சீலையில் படாமல் ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை நேராக எழுந்தால் அங்கே பழுதில்லை. சட்டென்று அறைக்குள் சாய்ந்தாலோ, வெளிப்பக்கம் இழுபட்டாலோ அங்கே இடைவெளி இருக்கிறது, சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கதவின் அடி, ஏசி குழாய் போகும் துளை, ரோஷன்தான், கூலரைச் சுற்றிய இடம் எதையும் விடாதீர்கள். எங்கள் படுக்கையறையில் புகை அதிகம் வளைந்தது ஜன்னலில் இல்லை, ஏசி குழாய் போகும் துளையில். கட்டைவிரல் நுழையும் அந்த ஓட்டையை ஏசியின் பிளாஸ்டிக் மூடி மறைத்திருந்ததால் கண்ணில் படவே இல்லை.

இரண்டாம் படி: காற்றை நிறுத்துவது

என் அனுபவத்தில் பாதிக் குளிர் இந்தப் படியிலேயே போய்விடும். அதனால் இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்.

கீல் வைத்துத் திறக்கிற கதவுக்கும் மர ஜன்னலுக்கும் ஃபோம் டேப் போதும். ஹார்டுவேர் கடைகளில் சுருளாகக் கிடைக்கும். வாங்கும் முன் இடைவெளியை அளந்துவிடுங்கள். டேப் தடிமனாக இருந்தால் கதவு சாத்தாது, மெல்லிசாக இருந்தால் காற்று நிற்காது. கதவு வந்து அழுந்துகிற நிலையின் உள்விளிம்பில்தான் ஒட்ட வேண்டும். தூசியைத் துடைத்துக் காயவிட்டு, மதியம் வெயில் ஏறியபின் ஒட்டுங்கள். காலைக் குளிரில் பசை பிடிக்காது. ஒட்டி முடித்ததும் ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இன்னும் இறுக்கம் போதவில்லை.

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலுக்கு ஃபோம் டேப் வேண்டாம். இரண்டு தடவை நகர்த்தினாலே உரிந்து சுருண்டுவிடும். அதற்கென்று பிரஷ் போல மயிர் வைத்த பட்டை இருக்கிறது. உங்கள் ஜன்னலில் அது ஏற்கெனவே இருந்து தேய்ந்து போயிருக்கலாம், உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும். தண்டவாளத்தின் அடியில் மழைத் தண்ணீர் வடிய விட்ட சின்னத் துளைகளை மட்டும் சிலிகானால் அடைத்துவிடாதீர்கள். அப்புறம் ஜூலையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை வாங்கித் திருகலாம். பழைய வேட்டியைப் பாம்பு போலச் சுருட்டித் தைத்து வைத்தாலும் அதே வேலை நடக்கும். கூலரை முடிந்தால் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் வெளியே தடித்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டி, உள்பக்கம் அளவாக வெட்டிய பிளைவுட்டை வைத்து ஓரத்தில் ஃபோம் டேப் ஒட்டுங்கள். பிளைவுட்டின் பின்னால் ஓர் அங்குல தெர்மாகோல் சேர்த்தால் இன்னும் நல்லது. 9 அங்குலச் செங்கல் சுவரைவிட ஓர் அங்குல தெர்மாகோல் சூட்டை அதிகம் தடுக்கும், ஏனென்றால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் அசையாத காற்று. ஆனால் அது சுலபமாகத் தீப்பிடிக்கும். அறைக்குள் திறந்தபடி வைக்காமல், ஹீட்டருக்குப் பக்கத்தில் வராமல், பிளைவுட்டுக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

மூன்றாம் படி: கண்ணாடி

நாலுக்கு நாலு அடி ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 18 டிகிரி, வெளியே 6 டிகிரி என்றால், அந்த ஒற்றைக் கண்ணாடி வழியாக மட்டும் சுமார் 100 வாட் சூடு போய்க்கொண்டே இருக்கும். பழைய குண்டு பல்பு ஒன்றை ராத்திரி முழுக்கத் தெருவுக்காக எரியவிடுகிற மாதிரி.

பார்சலில் சுற்றி வருமே குமிழ் பிளாஸ்டிக், அதை எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, குமிழ் பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி வைத்துக் கையால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். பசை தேவையில்லை, வெளிச்சமும் வரும். வெளியே பார்க்க முடியாது என்பதுதான் குறை. அதனால் வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

தெற்கு ஜன்னலைத் தொடாதீர்கள். டிசம்பர் கடைசியில் தில்லியில் உச்சிவேளைச் சூரியன்கூட 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அவ்வளவு தாழ்வாக இருப்பதால் வெயில் சாய்ந்து அறையின் நடு வரைக்கும் வரும். பத்தரை மணிக்குத் திரையை முழுசாக விலக்கி வையுங்கள், நாலு மணிக்கு மூடிவிடுங்கள். தரையும் சுவரும் வாங்கி வைத்த சூடு ராத்திரியில் மெல்ல வெளிவரும்.

திரை என்றதும் மெல்லிய துணி வேண்டாம். லைனிங் வைத்த தடித்த துணியாக, ஜன்னலின் இரண்டு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக, தரையைத் தொடும்படி தைக்கக் கொடுங்கள். கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று அடியில் வழிந்து வந்துதான் காலைச் சில்லிட வைக்கிறது. குட்டையான திரை அதைத் தடுக்காது.

நான்காம் படி: தரையும் கூரையும்

தரைக்குச் சுலபம். கட்டிலுக்குப் பக்கத்திலும் சோபாவுக்கு முன்னாலும் தடித்த ஜமுக்காளம் அல்லது கம்பளத்தை விரித்துவிடுங்கள். மார்பிளும் கம்பளமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். மார்பிள் பாதத்தின் சூட்டை வேகமாக இழுப்பதால் சில்லென்று படுகிறது.

கூரை மேல்மாடிக்காரர்களின் பாடு. மேகமில்லாத இரவில் மொட்டைமாடி தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், கீழே இருப்பவர் மேல் குளிர் இறங்கும். வாடகை வீடென்றால் இதில் அதிகம் செய்ய முடியாது, கட்டிலை வெளிச்சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். சொந்த வீடென்றால் மாடித் தரைக்கு மேல் நீர் உறிஞ்சாத ஃபோம் பலகை பதித்து, அதன்மேல் சிமெண்ட் பூச்சும் ஓடும் போடச் சொல்லி நல்ல மேஸ்திரியிடம் பேசுங்கள். இதைக் குளிருக்காக மட்டும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். ஜூன் மாதத்தில் அதே பலகை வெயிலையும் தடுக்கும்.

ஐந்தாம் படி: தினமும் பத்து நிமிடம்

இறுக்கி மூடிய வீட்டில் மூச்சுக்காற்றின் ஈரம் எங்கும் போகாது. காலையில் கண்ணாடியில் நீர் வழிந்தால் துடைத்துவிடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். மதியம் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். தில்லிப் புகை காலையிலும் இரவிலும்தான் தரையோடு படிந்து கிடக்கும், மதியம் ஓரளவு தேவலை. அந்தப் பத்து நிமிடத்தில் காற்று மாறிவிடும், சுவரின் சூடு போகாது.

இவ்வளவும் செய்தபிறகும் தோசை மாவை நான் கம்பளியில் சுற்றித்தான் வைக்கிறேன். ஆனால் இப்போது காலையில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஹோலி வந்ததும் குமிழ் பிளாஸ்டிக்கை உரித்து, எந்த ஜன்னலுக்கு எது என்று மார்க்கரில் எழுதிச் சுருட்டிப் பரணில் போடுங்கள். வெயிலில் நொறுங்காமல் இருந்தால் அடுத்த மார்கழிக்கும் ஆகும்.