அப்ரெண்டிஸ் நாற்காலியிலிருந்து டிசைன் மேசைக்கு: நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாதவை

போன வாரம் எங்கள் டிசைன் பிரிவில் ஒரு அப்ரெண்டிஸ் தம்பி, ஏற்கெனவே ரிலீஸ் ஆன, அதாவது ஒப்புதல் முடிந்து தயாரிப்புக்குக் கொடுத்த டிராயிங்கில் ஓர் அளவை மாற்றி சேவ் செய்துவிட்டான். ஏனப்பா என்று கேட்டால், "சின்ன மாற்றம்தானே சார்" என்றான். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் கோவையில் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரத்துக்கு வா, போனைத் தள்ளி வை என்பதையெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள்.

ரிலீஸ் ஆன பாகத்தைச் சத்தமில்லாமல் திருத்துவது

புது மெஷின் ஒன்றுக்கு நான் பேஸ் பிளேட் வரைந்துகொண்டிருந்தேன். அதன் மேல் ஒரு சிலிண்டர் பிராக்கெட் உட்கார வேண்டும். என் பிளேட்டில் இரண்டு துளைகளுக்கு நடுவே 64 மி.மீ., பிராக்கெட்டில் 62. பொருந்தவில்லை. பிராக்கெட் ஃபைலைத் திறந்தேன், 62-ஐ அழித்து 64 என்று அடித்தேன், சேவ் செய்தேன். டிராயிங்கும் தானாக மாறிக்கொண்டது. வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன்.

அந்த பிராக்கெட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இரண்டு மெஷின்களிலும் இருந்தது. அது எங்கெங்கே பயன்படுகிறது என்று சாஃப்ட்வேரிலேயே பார்க்கலாம், அரை நிமிட வேலை. நான் பார்க்கவில்லை. அடுத்த வாரம் பழைய மெஷினுக்கு ஸ்பேராக 20 பிராக்கெட் ஆர்டர் வந்தது. பர்ச்சேஸில் புது பிரிண்ட் எடுத்து வெளி வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்கள். இருபதும் 64-இல் அறுத்து வந்தன. எம்8 போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை போட்டிருந்தோம், ஒரு துளைக்கு அரை மி.மீ. இப்படி அப்படி விட்டுக்கொடுக்கும். 2 மி.மீ. வித்தியாசத்துக்கு அது எங்கே போதும்?

ஸ்டோரில் பழைய 62-ம் கொஞ்சம் கிடந்தது. குவாலிட்டி அண்ணன் இரண்டு பிரிண்டையும் சர்ஃபேஸ் பிளேட் மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். ஒரே பார்ட் நம்பர். டிராயிங் மாறினால் மாற வேண்டிய ரிவிஷன் எழுத்தும் இரண்டிலும் 'ஏ'. "இதுல எதுங்க தம்பி நெசம்?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துவது அந்த இருபது பிராக்கெட் இல்லை. மாற்றிய இரண்டாம் நாளே எனக்குத் தெரியும். வேறு காரணத்துக்குப் பழைய அசெம்பிளியைத் திறந்தபோது மேட் எல்லாம், அதாவது பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தும் இணைப்புகள், பிழை என்று சிவப்பாகக் காட்டியது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மூடிவிட்டேன். அப்போது ஆர்டரே வந்திருக்கவில்லை. சீனியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செலவு பூஜ்யம். என் வேலை நிரந்தரமாகும் கன்ஃபர்மேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனதற்குக் காரணம் 2 மி.மீ. இல்லை, அந்த மௌனம் என்று மேனேஜர் நேராகவே சொன்னார்.

செய்ய வேண்டியது இதுதான். பழையதற்குப் பதிலாகப் புதியதையும், புதியதற்குப் பதிலாகப் பழையதையும் போட முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியும் என்றால் ரிவிஷனை ஏற்றி, என்ன மாறியது, ஏன், என்றைக்கு என்று டிராயிங்கிலுள்ள ரிவிஷன் டேபிளில் எழுதி, ஒப்புதல் வாங்கி, ஷாப்பில் இருக்கும் பழைய பிரிண்டைத் திரும்ப வாங்குங்கள். முடியாது என்றால் அது வேறு பாகம், புது பார்ட் நம்பர் வேண்டும். என் பிராக்கெட் இரண்டாவது வகை. சொல்லப்போனால் தொட்டிருக்கவே கூடாது, என் பிளேட்டை 62-க்கு மாற்றியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

எல்லாத் துளைக்கும் எச்7

எச்7 என்பது துளையின் அளவு எவ்வளவு கூடலாம் என்று சொல்லும் டாலரன்ஸ் குறி. 20 மி.மீ. துளைக்கு எச்7 என்றால் பூஜ்யத்திலிருந்து கூட்டல் 0.021 மி.மீ. வரைதான் இடம். டிரில் போட்டு விட்டுவிட முடியாது, துளையைத் துல்லியமாக்க ரீமரோ போரிங்கோ வேண்டும். இரண்டு பாகங்களைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின்னுக்கு, பேரிங்குக்குக் கேளுங்கள், நியாயம். போல்ட் சும்மா நுழைந்து போகும் துளைக்கு எதற்கு? கல்லூரியில் டாலரன்ஸ் போட்டால் மார்க், இங்கே ஒவ்வொன்றுக்கும் பில்.

ஷாப் ஃப்ளோருக்குப் போகாமல் இருப்பது

மில்லிங் அண்ணன் என் முதல் டிராயிங்கில் பாக்கெட்டை, அதாவது உலோகத்தில் குடைய வேண்டிய குழியைப் பார்த்துவிட்டு, "பாக்கெட் மூலையெல்லாம் ஊசியா வரைஞ்சிருக்கீங்க, கட்டர் உருண்டைங்க தம்பி" என்றார். அந்த ஒரு வரி ஒரு செமஸ்டருக்குச் சமம்.

ரெஸ்யூமேயில் ஆறு சாஃப்ட்வேர்

ஒன்று போதும். அதில் கேள்வி கேட்டால் பதில் வர வேண்டும்.

கம்பெனி டிராயிங்கைப் பென் டிரைவில் எடுப்பது

கூடாது. இன்டர்வியூவில் காட்ட ஏதாவது வேண்டுமென்றால் வீட்டு வெட் கிரைண்டரைக் கழற்றி, வெர்னியரால் அளந்து, அசெம்பிளியும் டிராயிங்கும் நீங்களே போடுங்கள். அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருடம் முடிந்தால் வேலை தானாக வரும் என்று நம்புவது

டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருடப் பயிற்சி. முடித்தால் சான்றிதழ் உண்டு, வேலை உறுதியில்லை. 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தில் 2014-இல் திருத்தம் வந்தது. அதன்படி, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு கம்பெனியும் சொந்தமாக ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும். முடித்தபின் இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தால், தகுந்த வேலை தரும் கடமை அவர்களுக்கும் வந்துவிடும். அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துப் பாருங்கள். நான் பதினோராம் மாதம்தான் பார்த்தேன். எட்டாம் மாதமே ஹெச்ஆரிடம் இதுவரை செய்த டிராயிங் பட்டியலோடு போய், "இந்த வருடம் எத்தனை பேரை எடுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால்கூட, வேறு இடம் தேட நான்கு மாதம் கையில் இருக்கும்.