ஒன்ராறியோவில குடும்பக் கோட் கேஸ் இருக்கோ? ஜட்ஜுக்கு நேர எழுதாதேங்கோ

கனடாவுக்கு வந்து கொஞ்ச நாளிலயே பிரிவு, பிள்ளையள் ஆரோட இருக்கிறது எண்டு கோட் வரைக்கும் போற ஆக்கள் எங்கட சனத்தில கனபேர், வெளியில சொல்லமாட்டினம் அவ்வளவுதான். அவையில பாதிப்பேர் முதல் நினைக்கிறது ஜட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதி மனசில உள்ளதெல்லாத்தையும் கொட்டுவம் எண்டு. வேண்டாம். மற்றப் பக்கத்துக்குத் தெரியாம ஜட்ஜோட கேஸைப் பற்றி ஒண்டும் கதைக்கேலாது, தெரிஞ்ச ஆளைப் பிடிச்சு ஒரு சொல்லுச் சொல்லுவிக்கிற வேலையும் இஞ்ச சரிவராது, உங்களுக்குத்தான் பேர் கெடும்.

அப்ப ஆரோட கதைக்கிறது? கவுண்டரில இருக்கிற கிளார்க் பேப்பர் எடுப்பினம், ட்ரயல் கோஆர்டினேட்டர் திகதி பாப்பினம், சில இடத்தில ஜட்ஜின்ட அசிஸ்டன்டுக்கு ஈமெயில் போடலாம். எந்த போர்ம், எப்ப குடுக்கவேணும் எண்டு கேளுங்கோ, சொல்லுவினம். "நான் என்ன எழுதினா வெல்லலாம்" எண்டு கேட்டா சொல்லமாட்டினம், அது அவையின்ட கெட்ட குணமில்லை, சட்ட ஆலோசனை குடுக்க அவைக்கு அனுமதியில்லை.

ஈமெயில் எண்டா தலைப்பில ஃபைல் நம்பரும் ரெண்டு பேரின்ட பேரும். உள்ளுக்குள்ள "இன்ன திகதி கேஸ் கொன்ஃபரன்ஸ் இருக்கு, அண்டைக்கு எனக்கு ஒப்பரேஷன், திகதி மாத்த மற்றப் பக்கமும் சம்மதம், அவையின்ட லோயருக்கும் கொப்பி போகுது" எண்டு எழுதினாக் காணும். (கேஸ் கொன்ஃபரன்ஸ் எண்டது ரெண்டு பக்கமும் ஜட்ஜோட இருந்து கேஸைப் பற்றிக் கதைக்கிற கூட்டம்.) புருஷன் என்ன செய்தவர், மாமி என்ன சொன்னவ எண்டதெல்லாம் அஃபிடவிட்டில, அதாவது சத்தியம் பண்ணிக் குடுக்கிற எழுத்தில, போடுற சாமான்.

பேப்பர் விஷயத்தில நாள்தான் முக்கியம். 8ஆம் நம்பர் போர்ம், அதுதான் அப்ளிகேஷன், உங்கட கையில வந்திட்டுதெண்டா கனடாவுக்குள்ள இருக்கிற ஆளுக்கு 30 நாளுக்குள்ள 10ஆம் நம்பர் போர்மில பதில் குடுக்கவேணும், பேசாம இருந்தா உங்களைக் கேக்காமலே கேஸ் ஓடும். நீங்கள் கேஸ் போடுற பக்கமெண்டா அந்த அப்ளிகேஷனை மற்றப் பக்கத்திட்ட நீங்களே கொண்டுபோய்க் குடுக்கேலாது, வேற ஒரு வளர்ந்த ஆள் குடுத்து, குடுத்ததுக்கு 6பி அஃபிடவிட் சத்தியம் பண்ணவேணும். மோஷன் (கேஸ் முடியமுதலே ஒரு ஓடர் தரச்சொல்லிக் கேக்கிறது) போடமுதல் பொதுவா ஒரு கேஸ் கொன்ஃபரன்ஸ் நடக்கவேணும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடப்போயினம், அடி உதை எண்டு அவசரமெண்டா அந்த விதிக்கு விலக்கு இருக்கு, மற்றப் பக்கத்துக்குச் சொல்லாமலும் கேக்கலாம், ஆனா அப்பிடிக் கிடைச்ச ஓடர் 14 நாளுக்குள்ள திரும்ப ஜட்ஜ் முன்னால வரும், அப்ப மற்றப் பக்கமும் கதைக்கும்.

கோட்டுக்குள்ள ஜட்ஜ் வரேக்க எழும்புங்கோ, "யுவர் ஆனர்" எண்டு சொல்லுங்கோ, ஜட்ஜைப் பாத்து மட்டும் கதையுங்கோ. எதிர்ப்பக்கம் பச்சைப்பொய் சொன்னாலும் இடையில பாயாதேங்கோ (கஷ்டம்தான், தெரியும்), பேப்பரில குறிச்சு வையுங்கோ, உங்கட முறை வரும். பைபிள் பிடிக்கவேணும் எண்டில்லை, சமயம் சேராம உறுதிமொழி எடுக்கலாம். ஃபோனில படம், ரெக்கோடிங் ஒண்டும் வேண்டாம், நீதிமன்றச் சட்டம் 136ஆவது பிரிவில 25,000 டொலர் வரை ஃபைன், 6 மாதம் வரை ஜெயில், சூமில நடந்தாலும் அதே சட்டம்தான். ஸ்க்ரீனை அக்காவுக்குப் படமெடுத்து அனுப்பிறதும் அதுக்குள்ளதான் வரும்.

இங்கிலிஷ் வடிவா வராட்டி ட்ரான்ஸ்லேட்டர் வேணுமெண்டு திகதி கிடைச்ச உடனயே கேளுங்கோ, ஆர் ஒழுங்கு பண்ணுறது, ஆர் காசு குடுக்கிறது எண்டதையும் சேத்துக் கேளுங்கோ. தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்ப்பிக்கலாம் எண்டு நம்பியிருக்காதேங்கோ.

லோயருக்குக் காசில்லாட்டி லீகல் எய்ட் ஒன்ராறியோ, 1-800-668-8258. கோட்டிலயே டியூட்டி கவுன்சல் எண்டு லீகல் எய்டின்ட லோயர்மார் இருப்பினம், வருமானம் குறைவெண்டா அண்டைக்கே உதவுவினம், வெள்ளன போங்கோ. முடிஞ்சு வரேக்க ஜட்ஜ் அண்டைக்கு எழுதின முடிவின்ட (எண்டோர்ஸ்மென்ட்) கொப்பி எப்பிடிக் கிடைக்குமெண்டு கிளார்க்கிட்டக் கேட்டிட்டு வெளிக்கிடுங்கோ, அடுத்த திகதியும் ஆர் என்ன பேப்பர் எப்ப குடுக்கவேணும் எண்டதும் அதிலதான் இருக்கும்.